பொறுப்புப் பந்து

மனைவியோடு போய்ச் சேர வேண்டும் என்று இடமாற்றல் கேட்டு மனுக் கொடுத்த பூட்டுக்காரன், தன் வழியில் ஒரு பந்து வந்து உட்காரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

பெரிய அரசு மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில் அவனுக்கு வேலை. முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகளும் கணக்கில்லாத அலமாரிகளும் அவன் கைக்குள் இருந்தன. எந்தப் பூட்டு மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும், எந்த டாக்டர் வாரத்துக்கு இரண்டு முறை சாவியை அறைக்குள்ளேயே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்துவார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. "பூட்டு" என்று யாராவது வராந்தாவில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிஞ்சியிருந்தது.

மனைவி நர்ஸ். ரயிலில் ஒன்பது மணி நேரம் தள்ளியிருந்த ஊரில் வேலை. கல்யாணமாகி நான்கு வருடத்தில் இருவரும் ஒரே வீட்டில் தொடர்ச்சியாக இருந்தது அதிகபட்சம் பதினோரு நாள். முதல் பிள்ளை தங்கவில்லை. அப்போது அவன் இங்கே ஏதோ ஒரு கதவின் முன்னால் மண்டியிட்டுக்கொண்டிருந்தான். இப்போது அவளுக்கு மறுபடியும் மூன்று மாதம். "இந்தத் தடவை நீங்க பக்கத்துல இருக்கணும்" என்று அவள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். இரண்டாவது முறை சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மருத்துவமனை அலுவலகத்தில் கிளார்க் அம்மா அவன் மனுவை முன்னும் பின்னும் புரட்டினார். மனைவியின் ஊரில் பூட்டுக்காரன் பணியிடம் காலியாகத்தான் இருந்தது. அங்கே ஆறு மாதமாகக் கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்களாம்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒன்பதாம் படிவம்தான் இல்ல."

"அது என்ன மேடம்?"

"ப்ரிபொசிஷன் சர்டிபிகேட்."

அவன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கதவுகளில் எழுதியிருந்த 'புஷ்', 'புல்' இரண்டும்தான் அவனுடைய இங்கிலீஷ். அவற்றிலும் எது எது என்று கையை வைத்துப் பார்த்துத்தான் சொல்வான். கிளார்க் அம்மா பொறுமையாக விளக்கினார். இன், ஆன், அண்டர், ஃப்ரம், டு என்று இங்கிலீஷில் சின்னச் சின்னச் சொற்கள் உண்டு. எது எங்கே இருக்கிறது, எங்கிருந்து எங்கே போகிறது என்று அவைதான் சொல்லும். நாம் சொல்லின் வாலில் ஒட்டுவதை அவர்கள் தலைக்கு முன்னால் நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

"எனக்கு எதுக்கு மேடம் அது? நான் இங்கயும் பூட்டுதான் பார்க்கறேன், அங்கயும் பூட்டுதான் பார்க்கப்போறேன்."

"மாற்றல்னா ஓர் இடத்துலேர்ந்து இன்னோர் இடத்துக்குப் போறது. 'ஃப்ரம்' தெரியாம எப்படிக் கிளம்புவீங்க? 'டு' தெரியாம எங்க போய்ச் சேருவீங்க?"

"ரயில்ல மேடம்."

அந்தப் பதிலை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

*

அந்தச் சான்றிதழைத் தரும் முன்னிடைச்சொல் தகுதி வாரியம் நான்கு மாடிக் கட்டடத்தில் இருந்தது. ஊரில் எல்லோரும் அதைப் பந்து ஆபீஸ் என்றுதான் சொன்னார்கள். கண்டுபிடிப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வாரியத்தின் கடிதத் தாளில் முகவரியே கிடையாது. அலுவலகம் தெருவுக்குள் இருக்கிறதா, தெருவின் மேல் இருக்கிறதா என்று இங்கிலீஷில் எப்படிப் போடுவது என்பதில் முதல் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் எட்டு வருடமாகத் தகராறு. முடிவாகும்வரை இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். தேடி வருகிறவர்கள் ஆள் கூட்டத்தைப் பார்த்து வந்து சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

பயிற்சி வகுப்பு ஆறு மாதம். வாரத்தில் மூன்று முற்பகல். ஒரு நாள் தவறினால் முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பம்.

வகுப்பறையின் நடுவில் ஒரு மேசை. மேசை மேல் பச்சை நிற இரும்புப் பெட்டி, பூட்டியிருந்தது. பெட்டி மேல் மேசைக் காகிதங்களுக்குப் பாரமாக வைக்கிற ஒரு கண்ணாடிக் குண்டு. பயிற்சியாளர் குள்ளமான, மிகவும் சுத்தமான மனிதர். பேசுவதற்கு முன் கைக்குட்டையால் அந்தக் குண்டைத் துடைத்தார்.

"இது பந்து" என்றார்.

எல்லோரும் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்கள்.

"பொறுப்புப் பந்து. அசல் பந்து பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டியோட சாவி பதினோரு வருஷமா காணோம். அசல் பந்து திரும்பப் பொறுப்பு ஏத்துக்கற வரைக்கும் இதுதான் பந்து. இதுக்கு உரிய மரியாதையைக் கொடுக்கணும்."

வகுப்பில் முப்பது பேர். சிறைச்சாலைச் சமையற்காரர் இருந்தார், பேருந்து நடத்துநர் அம்மா இருந்தார், மாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார். கடைசி வரிசையில் தபால்காரர். அவருக்கு அறுபத்து மூன்று வயது. பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்கு 'ஃப்ரம்' தேர்ச்சி வேண்டும் என்பதால் மூன்று வருடமாக ஓய்வு பெற முடியாமல், காலையில் தபால் கொடுத்துவிட்டு வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்.

"பாஸ் பண்ணிட்டேன் தம்பி, ரெண்டு தடவை" என்று அவர் பூட்டுக்காரன் காதில் சொன்னார். "தற்காலிகச் சான்றிதழ்தான் தர்றாங்க. முழுச் சான்றிதழுக்கு 'இன்' நிரூபிக்கணும். 'இன்' பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு."

விஷயம் இதுதான். பொறுப்புப் பந்தைப் பெட்டியின் மேல் வைக்கலாம், அடியில் வைக்கலாம், பக்கத்தில் வைக்கலாம். உள்ளே மட்டும் வைக்க முடியாது. ஆகவே மாணவர்கள் பூட்டிய பெட்டியைப் பார்த்து, அசல் பந்தை மனக்கண்ணில் நிறுத்தி, பந்து உள்ளே இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சொன்னது சரிதானா என்று யாராலும் சரிபார்க்க முடியாததால், 'உறுதி செய்யப்படும்வரை' என்று முத்திரை குத்தித் தற்காலிகச் சான்றிதழ். பதவி உயர்வுக்கும் விடுப்புக்கும் அது செல்லும். ஊர் மாற்றலுக்கும் ஓய்வுக்கும் செல்லாது.

தினமும் வகுப்பு முடியும்போது கரும்பலகையில் இருந்த நான்கு வாக்கியங்களை எல்லோரும் எழுந்து நின்று சேர்ந்து சொல்ல வேண்டும். வாரியத்தின் முதல் இயக்குநர் தன் கடைசி வேலை நாளில் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்கியங்கள். எழுத்து மங்கும்போதெல்லாம் பயிற்சியாளர் அதே கோட்டின் மேல் சுண்ணக்கட்டியால் இழைத்துவிடுவார். பந்து பெட்டியின் மேல் இருக்கிறது. பந்து பெட்டியின் அடியில் இருக்கிறது. பந்து பெட்டியின் பக்கத்தில் இருக்கிறது. நான்காவது, சாவி பெட்டிக்குள் இருக்கிறது. "த கீ இஸ் இன் த பாக்ஸ்" என்று முப்பது குரல்கள் சேர்ந்து சொல்லும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அர்த்தம் தெரிந்தவர்களும் சொன்னார்கள், தெரியாதவர்களும் சொன்னார்கள். சொல்லிவிட்டு எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

*

முதல் நாளே பூட்டுக்காரனுடைய கண் பெட்டியில்தான் இருந்தது. பசித்தவன் பார்வை அல்ல, தச்சன் நாற்காலியைப் பார்க்கிற பார்வை. மூடியை அழுத்தினால் தானாக விழுந்துகொள்ளும் வகைப் பூட்டு. டாக்டர்கள் மாட்டிக்கொள்வது இதே வகையில்தான். எட்டாம் வாரம் அவன் பயிற்சியாளரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சார், இதை நான் திறந்து தர்றேன். ரெண்டு கம்பி போதும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. கீறல் விழாது."

பயிற்சியாளர் எழுந்துபோய் வகுப்பறைக் கதவைச் சாத்தினார். பிறகு அவனைக் கையைப் பிடித்து நான்காம் மாடிக்கு அழைத்துப்போனார்.

இயக்குநர் அறையில் துணை இயக்குநர் அம்மாவும் இருந்தார். இயக்குநர் அன்பான மனிதர். அவனுக்கு நாற்காலி போடச் சொன்னார், மனைவியின் உடல்நிலையை விசாரித்தார், பிறகு ஆரம்பித்தார். பெட்டியைத் திறப்பது பற்றி ஆராய ஏற்கெனவே பெட்டிக் குழு என்று ஒன்று இருப்பதையும், அது ஒன்பதாவது ஆண்டில் அடியெடுத்து வைப்பதையும், அதற்குத் தனி அறையும் தனிப் பெட்டியும் இருப்பதையும் சொன்னார்.

"நாலாயிரத்து முந்நூறு பேருக்குத் தற்காலிகச் சான்றிதழ் கொடுத்திருக்கோம். எல்லாம் பந்து உள்ள இருக்குங்கற நம்பிக்கையில. நீங்க திறக்கறீங்க, உள்ள பந்து இல்ல. அந்த நாலாயிரத்து முந்நூறு பேர் கதி என்ன ஆகறது?"

"இருந்தா சார்?"

"இருந்தா இன்னும் மோசம். இவ்வளவு நாளா ஏன் திறக்கலேன்னு கேப்பாங்க."

துணை இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பொறுப்புப் பந்தையும் யோசிக்கணும் சார். அசல் வந்துட்டா இதை எங்க அனுப்பறது? பதினோரு வருஷ சர்வீஸ் இருக்கு."

மூன்று பேரும் சற்று நேரம் அந்தக் கண்ணாடிக் குண்டுக்காக வருத்தப்பட்டார்கள். பூட்டுக்காரனும் மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் எழுந்தபோது இயக்குநர் ஒரு வழி சொன்னார். விதிகளில் மாற்று உதாரணம் என்று ஒரு பிரிவு உண்டு. பெட்டியும் பந்தும் இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்று இருப்பதற்கு வேறு உதாரணம் ஒன்றை மாணவர் சொந்தப் பொறுப்பில் ஆதாரத்தோடு கொண்டுவந்தால் மூவர் குழு பரிசீலிக்கும்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் போனில் சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளி என்ன என்று கேட்டது இவனுக்கும் கேட்டது.

"உள்ளங்கறதுக்கு உதாரணமா? என் வயித்துல ஒண்ணு உதைச்சுக்கிட்டிருக்கே, அதைப் போய்ச் சொல்லுங்க. இதைவிடவா உங்க பந்து?"

"ஏத்துக்குவாங்களா?"

"ஸ்கேன் அனுப்பறேன். பார்த்துட்டுச் சொல்லட்டும், உள்ள இல்லேன்னு."

*

மூவர் குழு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. பிறகு தலைகீழாகப் பிடித்துப் பார்த்தது. பூட்டுக்காரன் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியத்தைச் சொன்னான். குழந்தை என் மனைவிக்குள் இருக்கிறது. இங்கிலீஷில் ஒரு பிழை இல்லை. குழுத் தலைவர் அதைப் பாராட்டவும் செய்தார்.

"வாக்கியம் அருமை. சங்கடம் அதுல இல்ல. இந்தக் கோப்பு நாலாம் மாடிக்குப் போய்த் திரும்பி வர நாலு மாசம் ஆகும். உங்க குழந்தை எப்ப வெளிய வருது?"

"இன்னும் மூணு மாசம் சார்."

"பார்த்தீங்களா. நாங்க கையெழுத்துப் போடற அன்னைக்குக் குழந்தை உள்ள இருக்காது. பொய்ச் சான்றிதழ் கொடுத்தோம்னு ஆயிடும்."

"இப்பவே போட்டுடுங்க சார். இப்ப உள்ளதானே இருக்கு."

"அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடறது இந்த வாரியத்துல வழக்கம் இல்ல." அவர் அவனைக் கனிவோடு பார்த்தார். "குழந்தை கொஞ்சம் தாமதமா வர வாய்ப்பு உண்டா?"

இரண்டாவது உறுப்பினர், வேறு நிலையான உதாரணம் ஏதாவது இருந்தால் கொண்டு வரலாம் என்றார், கிணற்றில் தவளை மாதிரி. மூன்றாவது உறுப்பினர், தவளையும் வெளியே வந்துவிடும் என்றார். அதைப் பற்றி அவர்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது. பூட்டுக்காரன் படத்தை வாங்கி மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். எவ்வளவு நேரம் நடந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. பழக்க தோஷத்தில் வழியில் இருந்த கடைகளின் பூட்டுகளை எல்லாம் பார்த்துக்கொண்டே போனான். எல்லாம் திறக்கக்கூடிய பூட்டுகள்.

அதற்குப் பின் செயல்முறைத் தேர்வுகள் நடந்தன. முப்பது பேரும் முறை வைத்து மேசை மேல் ஏறி உட்கார்ந்தார்கள், இறங்கினார்கள், மேசைக்கு அடியில் தவழ்ந்தார்கள். 'அண்டர்' சொல்லும்போது மாட்டு டாக்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு வெளியே வர முடியவில்லை. அவரை இழுக்கலாமா என்று பயிற்சியாளர் யோசித்தார். 'அவுட்' அடுத்த மாதப் பாடம். கடைசியில் நடத்துநர் அம்மா யாரையும் கேட்காமல் காலைப் பிடித்து இழுத்துப்போட்டார். அதற்காக அவருக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது. பூட்டுக்காரனுக்கு எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். மண்டியிடுவதும் குனிவதும் அவனுக்குத் தொழில்.

இப்படி மனைவிக்கு எட்டு மாதம் முடிந்தது.

*

ஒன்பதாம் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள், வகுப்பு தொடங்குகிற நேரத்தில் போன் வந்தது. மனைவி இல்லை. அவளோடு வேலை பார்க்கிற அக்கா.

"தம்பி, பயப்படாதீங்க. வலி கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கு. உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. நீங்க கிளம்பி வந்துட்டா நல்லது."

அவன் பயிற்சியாளரிடம் ஓடினான். அவர் உண்மையிலேயே வருந்தினார். ஆனால் பயிற்சிக் காலத்தில் ஊரை விட்டு வெளியே போக 'அவுட்' தேறியிருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் போனால் மனு ரத்து, மறுபடி மனுக் கொடுக்க மூன்று வருடம். முழுச் சான்றிதழ் மட்டும் இருந்திருந்தால் இந்த நிமிடமே போகலாம் என்றார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து, பூட்டுக்காரனுக்குக் கொடுக்கத்தான் எடுத்தார் போலிருக்கிறது, யோசித்துப் பொறுப்புப் பந்தைத் துடைத்தார்.

அவர் மாடிக்குப் போன இடைவெளியில் பூட்டுக்காரன் மேசைக்கு முன்னால் மண்டியிட்டான். சட்டைப் பையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்தான். இருபத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் கிட்டே வரவும் இல்லை. சமையற்காரர் மட்டும் வந்து பொறுப்புப் பந்தைப் பத்திரமாக நாற்காலியில் இறக்கி வைத்தார். டக் என்று ஒரு சத்தம். அவன் காதுக்கு மட்டும் கேட்கிற அளவு. மூடி எழும்பியது.

உள்ளே ஒரு சிவப்பு ரப்பர் பந்து. காற்றுப் போய், காய்ந்த பழம் மாதிரி சுருங்கிக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு சாவி.

முதலில் பேசியது தபால்காரர். அவர் மெதுவாக, மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தனியாக, அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"த கீ இஸ் இன் த பாக்ஸ்."

கதவருகே பயிற்சியாளர் நின்றிருந்தார். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனாலும் வாய் தானாகவே சொன்னது. "உச்சரிப்பு நல்லா இருக்கு."

"சார், முதல் இயக்குநர் எழுதி வெச்சுட்டுத்தான் போயிருக்கார்" என்றார் தபால்காரர். "சாவி எங்க இருக்குன்னு. நாம பாட்டு மாதிரி பாடிக்கிட்டிருந்திருக்கோம்."

*

இயக்குநர், துணை இயக்குநர், மூவர் குழு, பெட்டிக் குழு, எல்லோரும் இறங்கி வந்தார்கள். பூட்டுக்காரன் நிமிர்ந்து நின்று, பந்தைக் காட்டி, சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னான். பந்து பெட்டிக்குள் இருந்தது. எல்லோருக்கும் தெரிகிறது. இனி ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. பன்னிரண்டரை மணி ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

இயக்குநர் குனிந்து வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"மூடி திறந்திருக்கே" என்றார் கடைசியில். "திறந்த பெட்டியில பந்து உள்ள இருக்குன்னு யார் வேணாலும் சொல்லிடுவாங்களே. அதுக்கு எதுக்கு ஒரு வாரியம்?"

பெட்டிக் குழுத் தலைவர் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது வருடம் அவர் முகத்தில் ஒரே நேரத்தில் தெரிந்தது. துணை இயக்குநர் அம்மாதான் சுதாரித்தவர். சாவி எங்கே இருந்தது என்று கேட்டார். உள்ளே என்றார்கள். அப்படியானால் பதிவேட்டின்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எதையும் எடுக்க வேண்டாம் என்றார். தன் விரலாலேயே மூடியை அழுத்தினார். டக். சமையற்காரர் நாற்காலியில் இருந்த பொறுப்புப் பந்தை எடுத்து மேலே வைத்தார். பயிற்சியாளர் துடைத்தார்.

பூட்டுக்காரனைத் திட்டுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இயக்குநர் அவன் தோளில் கை வைத்தார்.

"நீங்க கேட்ட மாற்றல் கிடைச்சிருச்சு."

அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எப்ப சார் கிளம்பலாம்?"

"கிளம்ப வேண்டாம். இங்கதான். பெட்டிக் காப்பாளர்னு ஒரு பதவி உருவாக்கியிருக்கோம், இப்பதான். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஒரே பணியாளர் நீங்க. உங்களை வெளிய விட முடியுமா?"

இருபத்தொன்பது பேர் பார்த்தார்களே என்று அவன் சொல்லத் திரும்பினான். இருபத்தொன்பது பேரும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் மனுக்கள் இருந்தன. தபால்காரர் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்தரவு பத்தே நிமிடத்தில் தட்டச்சாகி வந்தது. அந்தக் கட்டடத்தில் அவ்வளவு வேகமாக எதுவும் வந்ததில்லை என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள். மருத்துவமனையிலிருந்து வாரியத்துக்கு, உடனடியாக. ஒரே ஊருக்குள் மாற்றல் என்பதால் முழுச் சான்றிதழ் தேவையில்லை. அடுத்த மாற்றலுக்கு மூன்று வருடம் கழித்து மனுச் செய்யலாம். அவனுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள், பெட்டியைப் பார்த்தாற்போல. அவனுடைய இரண்டு கம்பிகளையும் வாங்கி ஓர் உறைக்குள் போட்டு ஒட்டினார்கள்.

பன்னிரண்டரை மணி ரயில் போயிருக்க வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் பிறகு போன் அடித்தது. இந்தத் தடவை மனைவியே பேசினாள். குரல் தேய்ந்திருந்தது, ஆனால் உள்ளே எங்கோ சிரிப்பு இருந்தது. பின்னால் புதிதாக ஒரு குரல் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"பொண்ணு. நல்லா இருக்கா. கேக்குதா? இப்பவே உங்க ஆபீஸை எதிர்த்துப் போராட்டம் பண்றா." அவள் மூச்சு வாங்கினாள். "எங்க இருக்கீங்க?"

அவன் சுற்றிலும் பார்த்தான். மேசைக்குப் பக்கத்தில் இருந்தான். பெட்டிக்கு முன்னால் இருந்தான். கூரைக்கு அடியில், நாற்காலியின் மேல், இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில் இருந்தான். ஆறு மாதத்தில் கற்ற அத்தனையும் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றன. எல்லாமே சரியாகவும் இருந்தன.

"ஹலோ? எங்க இருக்கீங்க? ரயில் ஏறிட்டீங்களா?"

வகுப்பு முடிகிற நேரம். அவனுக்குப் பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவன் போனைக் கையால் பொத்திக்கொள்வதற்குள் இருபத்தொன்பது குரல்களும் சேர்ந்து முதல் வாக்கியத்தைத் தொடங்கிவிட்டன.